பழைய ஸ்வெட்டருக்குப் புது மிடுக்கு

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த குடும்பங்களில் பலரும் தங்கள் வாழ்நாளின் முதல் ஸ்வெட்டரை வாங்கியது இந்த ஊரில்தான் இருக்கும். திருச்சியிலும் மதுரையிலும் வளர்ந்தவர்களுக்கு மார்கழிக் குளிர் என்பது தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்துபோகிற சமாசாரம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அந்தத் துண்டு எடுபடாது. 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி இங்கே 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அந்த அளவுக்கு இப்போது இல்லையென்றாலும், டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் 15, 16 டிகிரி என்பது சாதாரணம்.

ஆகவே நம் வீடுகளில் டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ நாலைந்து ஸ்வெட்டர்களாவது கிடக்கின்றன. அவற்றில் சில, வீட்டுப் பெண்கள் கையால் பின்னியவை. பிள்ளைகள் அவற்றைத் தொடுவதில்லை. "தாத்தா ஸ்வெட்டர்" என்று பெயர் வைத்துவிட்டு, முதுகில் தொப்பி தொங்கும் ஹூடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு போகிக்கும் வீட்டைக் கழிக்கும்போது இந்தக் கைப்பின்னல் ஸ்வெட்டர்கள்தான் முதலில் வெளியே போகின்றன. அவற்றைக் காப்பாற்றலாம், காப்பாற்றினால் இன்றைய பிள்ளைகளே கேட்டு வாங்கி அணியும்படி செய்யலாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரயில்வேக்காரனுக்கு ஸ்வெட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று சகோதரிகள் கேட்கலாம். நான் பாதைப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கும். பற்றவைத்த இடங்களில் விரிசல் விடக்கூடும். அதனால் அந்த மாதங்களில் இரவு ரோந்து உண்டு. டார்ச் விளக்கும் ஸ்வெட்டருமாகப் பல இரவுகள் லைனில் நடந்திருக்கிறேன். மேலும், ஸ்வெட்டர் என்பது ஒரு பொறியியல் சாமான். அதன் அமைப்பு புரிந்துவிட்டால் அதை எப்படி அணிவது என்பதும் தானே விளங்கும்.

வேட்டி, சட்டை, சேலை எல்லாம் நெய்த துணி. பாவும் ஊடும் நேராக ஓடி ஒன்றையொன்று குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழுத்தால் நூல் நீள வேண்டும். நூல் அவ்வளவாக நீளாது. பின்னல் துணியில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகப் போகிறது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த வரிசைக் கண்ணியின் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுக்கும்போது கண்ணியின் வடிவம் மாறி இடம் கொடுக்கிறது. விட்டதும் ஏறக்குறைய பழைய வடிவுக்கு வருகிறது. ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கும் சுருள்வில்லும் இப்படித்தான். இரும்புக் கம்பி நீள்வதில்லை, சுருள்தான் விரிகிறது. ஸ்வெட்டரின் இடுப்பிலும் மணிக்கட்டிலும் கோடு கோடாக இருக்கிறதே, அந்தப் பட்டியில் ஒரு கண்ணி முன்பக்கமாகவும் அடுத்தது பின்பக்கமாகவும் பின்னியிருப்பதால் சுருள்வில் குணம் இன்னும் அதிகம்.

இந்தக் கண்ணி வித்தையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் இங்கிலாந்தில் கால்வர்ட்டன் என்ற கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் லீ. ஆண்டு 1589. எலிசபெத் அரசி அவருக்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். கடைசியில் அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். இன்று திருப்பூரில் பனியன் பின்னும் இயந்திரங்களெல்லாம் அந்தக் குடும்பத்து வாரிசுகள்தாம்.

நாம் "பழைய பாணி" என்று ஒதுக்கும் ஸ்வெட்டர் வகைகள் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் புதுவிதமாக அணிந்ததால் புதுப் பாணியானவை. முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகனுக்குப் பெயர் தந்தவர், 1854-இல் கிரிமியப் போரில் குதிரைப்படையை நடத்திப்போன கார்டிகன் பிரபு. போர்வீரரின் கதகதப்புச் சட்டை பிறகு பேராசிரியர்களின் அடையாளமாயிற்று, அதன் பிறகு நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே பின்னிவந்த பலவண்ணக் கோலம் போட்ட ஸ்வெட்டரை 1920-களில் பிரிட்டிஷ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்ட் ஆனவர், கோல்ஃப் மைதானத்தில் அணிந்து வந்தார். உடனே பணக்காரர்களெல்லாம் அதைத் தேடினார்கள். பிரான்சில் கோகோ ஷனேல் என்ற பெண்மணி, பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்கு மட்டும் பயன்பட்டுவந்த ஜெர்சி என்ற பின்னல் துணியை 1910-களில் எடுத்துச் சீமாட்டிகளுக்கு வெளியுடை தைத்துப் பெயர் வாங்கினார்.

அதே காரியத்தை நம் கொங்கு நாடும் செய்திருக்கிறது. வெள்ளைப் பனியனும் ஜட்டியும் பின்னி உள்நாட்டில் விற்றுவந்த திருப்பூர், 1970-களின் பிற்பகுதியிலிருந்து வண்ண டி-ஷர்ட்டுகளை ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கி, இன்று இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருக்கிறது. டி-ஷர்ட் என்பது என்ன? வெளியே போட்டுக்கொள்ளத் துணிந்த பனியன். துணியின் அமைப்பு மாறவில்லை. அணியும் விதம்தான் மாறியது. நம் பிள்ளைகள் போட்டுத் திரியும் ஹூடியும் பின்னல் துணிதான். தாத்தா ஸ்வெட்டரைக் கேலி செய்பவன் அதன் பேரனைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

சரி, ஸ்வெட்டர் கிழடாகத் தெரிவது எதனால்? வயதால் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரையில் மூன்று இடங்களில்தான் கோளாறு: பட்டி தளர்ந்து மணிபோல் விரிந்து தொங்குவது, மேற்பரப்பில் சிறு உருண்டைகள் எழுவது, கூடப் போட்டுக்கொள்ளும் துணி பொருந்தாதது. இவற்றில் கடைசியை இன்றே ஒரு பைசாச் செலவில்லாமல் சரிசெய்யலாம். முதல் இரண்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் நூல் என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ள வேண்டும். உள்பக்கத் தையலிலிருந்து ஓர் அங்குல நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அசல் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் ஆக்ரிலிக், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக். எண்பதுகளில் கடைக்காரர் 'காஷ்மிலான்' என்று சொல்லி விற்ற நூல் உருண்டைகளெல்லாம் இந்த இனம்தான். குறையாக நினைக்க வேண்டாம். வண்ணம் மங்காது, பூச்சி அரிக்காது. ஆனால் அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் கண்ணிகள் தட்டையாகி, சுருள்வில் செத்துப்போகும். பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது.

கம்பளிக்கு வேறு விதமான ஆபத்து. நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பளி இழையின்மேல் மீன் செதில்போல் அடுக்குகள் இருக்கும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்; ராட்செட் சக்கரம் மாதிரி ஒரு திசையில் நகரும், திரும்பி வராது. அப்பா ஸ்வெட்டர் மகனுக்குக்கூடப் போதாத அளவு சுருங்குவது இப்படித்தான். குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்து, அந்த நுரையில் முக்கி அழுத்தி எடுங்கள்; முறுக்கிப் பிழிய வேண்டாம். ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் தரையில் பாய் விரித்து அதன்மேல் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடை கண்ணிகளை இழுத்து, ஸ்வெட்டர் முழங்கால்வரை நீளும். ஈரமாக இருக்கும்போதே தோள், மார்பு, கை அளவுகளைக் கையால் தட்டி ஒழுங்குபடுத்தினால் அந்த வடிவத்திலேயே காயும். இந்த ஒரு காரியத்திலேயே பல ஸ்வெட்டர்களுக்குப் பாதி வயது குறைந்துவிடும். காய்ந்த பிறகு மேலே எழுந்த உருண்டைகளை, துணியைச் சமமான பலகையில் விரித்து, புது சவர பிளேடால் மிக லேசாகச் சீவி எடுக்கலாம்.

தளர்ந்த பட்டி கைப்பின்னலாக இருந்தால் அதையும் மாற்றலாம். சாதாரணமாக ஸ்வெட்டரைக் கீழிருந்து மேலாகப் பின்னுவார்கள். ஆகையால் கீழ்ப்பட்டியை நுனியைப் பிடித்து இழுத்துப் பிரிக்க முடியாது, அது சிக்கிக்கொள்ளும். பட்டிக்குச் சற்று மேலே ஒரே ஒரு நூலைக் கத்தரித்து, அந்த வரிசை நூலை உருவினால் ஸ்வெட்டர் இரண்டாகப் பிரியும். மேலே நிற்கும் கண்ணிகளை ஊசியில் ஏற்றிக்கொண்டு கீழ்நோக்கிப் புதிதாகப் பட்டி பின்ன வேண்டியதுதான். அப்போதே நீளத்தைக் குறைத்தும் கொள்ளலாம். எழுபதுகளின் ஸ்வெட்டர் இடுப்புக்குக் கீழே ஆறங்குலம் இறங்கும். இடுப்பெலும்பு அளவில் நிறுத்தினால் அப்படியே புது ஆளாகிவிடும். பின்னத் தெரிந்த அம்மாள் ஒருவர் நம் ஒவ்வொரு பேட்டையிலும் இன்னும் இருக்கிறார். கூலி பேசிக் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார். பொத்தான்கள் விஷயமும் இப்படியே. பிளாஸ்டிக் பொத்தான்களை எடுத்துவிட்டு, சிக்பேட்டைப் பக்கம் கிடைக்கும் மரம் அல்லது தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான்களைத் தைத்தால் கார்டிகனுக்கு வரும் களையே வேறு.

இனி, எதனோடு அணிவது. இங்கே பெங்களூரின் தட்பவெப்பத்தை மறக்கக் கூடாது. காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது; பதினொரு மணிக்கு ஸ்வெட்டரோடு முடியாது. குளிர்காலத்திலும் பகலில் 27 டிகிரி தொடுகிறது. அதனால் உள்ளே போடும் சட்டை, தனியாகவும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். வடநாட்டார் மாதிரி உள்ளே என்ன இருந்தால் என்ன என்று இருக்க இயலாது. இன்னொரு பக்கம், ஆபீஸ்களிலும் 2011-இல் ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோவிலும் குளிர்சாதனம் வருஷம் முழுக்க வேலை செய்வதால், மெல்லிய ஸ்வெட்டருக்கு மே மாதத்திலும் வேலை இருக்கிறது.

ஆண்களுக்கு என் சிபாரிசு கை இல்லாத ஸ்வெட்டர்தான். பள்ளிச் சீருடையில் போட்ட ஞாபகத்தில் பலர் அதை வெறுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைபோல் தெரிவது டையினாலும் பளபளக்கும் டெரிகாட் சட்டையினாலும்தான். கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்ட வெள்ளை அல்லது வெளிர்நீலப் பருத்திச் சட்டை, கையை முழங்கைவரை மடித்து, மேலே அந்த ஸ்வெட்டர், கீழே கருநீல ஜீன்ஸ்: முப்பது வயதுப் பையனுக்கு இதைவிட லட்சணமான உடை இல்லை. சட்டையின் வால் ஸ்வெட்டருக்குக் கீழே எட்டிப் பார்க்காமல் உள்ளே செருகியிருக்க வேண்டும். ஸ்வெட்டரில் கோலமோ கட்டமோ இருந்தால் மற்றதெல்லாம் வெறும் நிறமாக இருக்கட்டும். ஒரே சமயத்தில் ஒருவர்தான் பேச வேண்டும் என்பது சபை மரியாதை, உடைக்கும் அது பொருந்தும். வேட்டி கட்டுவோர் சந்தன நிறமோ சாம்பல் நிறமோ உள்ள கார்டிகனைப் பொத்தான் போடாமல் கோட்டுபோல் விட்டுக்கொண்டால் கம்பீரமாக இருக்கும். மங்கி கேப்பை மட்டும் நான் காப்பாற்ற முன்வரவில்லை. அது நடுநிசி ரோந்துக்கு உரியது.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டுச்சேலைக்கு மேல் கார்டிகனைப் போட்டு, முந்தானையை உள்ளே அடைத்து, மூட்டைபோல் போவதைக் கல்யாண மண்டபங்களில் பார்க்கிறோம். வரிசையை மாற்றிப் பாருங்கள். உடம்போடு ஒட்டிய, கழுத்து ஏறிய மெல்லிய ஸ்வெட்டரையே ரவிக்கையாக அணிந்து, அதன்மேல் சேலையைக் கட்டி, முந்தானை வெளியே வழியட்டும். கைத்தறிப் பருத்திச் சேலைக்கும் கருநிற ஸ்வெட்டருக்கும் அருமையாகப் பொருந்தும். குளிரும் தாங்கும், சேலையின் அழகும் மறையாது.

இளம்பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அளவில் பெரிய ஸ்வெட்டரைத் தோள் இறங்க அணிவது இப்போது அவர்களுக்கு நாகரிகம். ஆகவே அப்பாவின் ஸ்வெட்டர் மகளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது, தைத்த சட்டை அப்படிப் பொருந்தாது. கண்ணிகளின் இளக்கம்தான் காரணம்.

இதில் என் வீட்டு அனுபவம் ஒன்று. காலஞ்சென்ற என் மனைவி ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் பின்னக் கற்றுக்கொண்டு, 1986-இல் எனக்கு ஒரு பாட்டில் பச்சை முழுக்கை ஸ்வெட்டர் பின்னினாள். ரோந்துக்கெல்லாம் அதுதான். சென்ற ஆண்டு கல்லூரியில் சேர்ந்த பேத்தி அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கழுத்து மட்டும் தடியாக, பழைய மாதிரி இருப்பதாக அவளுக்குக் குறை. கழுத்துப் பட்டியை உள்பக்கமாக மடித்துத் தைத்திருந்தது. பின்னத் தெரிந்த ஒரு தெரு அம்மாளிடம் கொண்டுபோய் அந்தத் தையலைப் பிரித்தோம். மடிப்பின் உள்பாதி வேறு பச்சை, கிளிப்பச்சை. என் மகள் பார்த்ததுமே சொன்னாள், அது அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட தொப்பியின் நூல் என்று; அந்தத் தொப்பியோடு எடுத்த படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. கழுத்து என்பது கடைசியில் பின்னுவது. பாட்டில் பச்சை தீர்ந்துபோயிருக்க வேண்டும். சம்பளத் தேதி வரை காத்திருக்காமல், குழந்தைக்குச் சிறிதாகிவிட்ட தொப்பியைப் பிரித்து முடித்து, வெளியே தெரியாமல் மடித்துத் தைத்துவிட்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அது என் கழுத்தில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் மீண்டும் மடித்துத் தைக்கவா என்று கேட்டார். பேத்தி வேண்டாம் என்றாள். பட்டியை நிமிர்த்தி, கிளிப்பச்சை மேலே தெரியும்படி விட்டிருக்கிறது. வெள்ளைச் சட்டையும் ஜீன்சும் போட்டு, கையை இரண்டு மடிப்பு ஏற்றிவிட்டு அதை அணிகிறாள். எந்தக் கடையில் வாங்கியது என்று தோழிகள் விசாரிக்கிறார்களாம்.

கைப்பின்னல் ஸ்வெட்டர் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். குளிர்காலம் பிறந்ததும் நம் ஊரிலும் கோவையிலும் சென்னையிலும் திபெத்தியர்கள் வரிசையாகக் கடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1960-களின் தொடக்கத்தில் மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைந்தது. விவசாயம் ஓய்ந்த மாதங்களில் ஸ்வெட்டர் வியாபாரம் அவர்களில் பலருக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. சரக்கு பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருகிறது. அங்கே வாங்கும்போது படம் போட்டதைத் தவிர்த்து, ஒற்றை நிறத்தில், வட்டக் கழுத்தோ வி கழுத்தோ உள்ளதாக எடுங்கள். தோள் தையல் தோளெலும்பின் முனையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியை இரண்டு கையாலும் இழுத்துவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். புதிதாகப் பின்னப்போகிறவர்கள் நூலை மொத்தமாக ஒரே லாட்டில் வாங்குவது நல்லது. அடுத்த மாதம் அதே எண்ணுள்ள நிறம் வாங்கினாலும் சாயம் ஒரு சாயல் மாறியிருக்கும்.

எடுத்து வைக்கும் முறை ஒன்று பாக்கி. அந்துப்பூச்சியின் புழுதான் கம்பளியைத் தின்கிறது. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடம் என்றால் அதற்கு விருந்து. அதனால் துவைக்காத கம்பளியைப் பெட்டியில் வைக்காதீர்கள். நன்றாகக் காயவைத்து, மடித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டையைத் துணியில் முடிந்து மூலையில் போடலாம், கம்பளியின் மேலேயே வேண்டாம். மடிப்பை நடுவில் ஒருமுறை மாற்றிவிட்டால் மடிப்பு வரியில் நூல் நொந்துபோகாது.

அணியவே முடியாதபடி அரித்துப்போன கைப்பின்னலையும் போகித் தீயில் போட வேண்டியதில்லை. கழுத்துப் பக்கத்திலிருந்து பிரித்தால் நூல் தானே வரும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நீரில் நனைத்து, நுனியில் ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருக்கம் நிமிர்ந்துவிடும். வெவ்வேறு ஸ்வெட்டர் நூல்களில் ஆறங்குலச் சதுரங்களாகப் பின்னி, வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை சேர்த்தால், 48 சதுரத்தில் மூன்றடி அகலம் நாலடி நீளத்துக்குக் குழந்தைப் போர்வை ஒன்று கிடைக்கும்.